கணினித் திரையிற் சிறுவர் சித்திரப் பாத்திரங்கள்

விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கப்படுவனவற்றைத் திறனாய்வாளர் பெரும்பாலும் தொடுவதில்லை. தொட்டாலும், அவற்றைச் செய்தவர் யார், விற்றவர் யார், ஈட்டிய பொருள் எத்துணை என்பவற்றைக் கூறி அமைவரேயன்றி, அவை கலையாகத் தேறுவனவா என்னும் வினாவை எழுப்புவதில்லை. கணினித் திரையின்மீது அங்குமிங்கும் நடந்தும், சாளரங்களின் விளிம்பில் ஏறியும், தவறி வீழ்ந்தும், ஒரு மூலையிற் படுத்துறங்கியும் காலங்கழிக்கும் சின்னஞ்சிறு சித்திர உருவங்கள் இவ்வாறு ஒதுக்கப்பட்டவையாம். சிறுவர்க்கென ஆக்கப்பெற்ற சித்திரப்படங்களின் பாத்திரங்கள் பல இவ்வகையில் மறுபிறப்பு எய்தியுள்ளன. அப்படங்களைச் சிறு பராயத்திற் கண்டு வளர்ந்தோர், இன்று முப்பதும் நாற்பதும் கடந்த நிலையில், தம் அலுவற் கணினியின் திரையில் அப்பாத்திரங்களை நடமாடவிட்டு மகிழ்கின்றனர். இம்மகிழ்ச்சியைப் பேதைமை என்று நகுவாரும் உளர். கள்ளங் கபடமற்ற இன்பம் என்று போற்றுவாரும் உளர். இரு சாராரும் பொருளை நோக்காது தீர்ப்பளித்தவராவர்.

இவ்வகை நிரல்களுக்கு முன்னோடி ஒரு பூனை. 1980களில் யப்பானின் என்.ஈ.சி. நிறுவனத்தார் விற்ற பி.சி.-9801 என்னும் கணினிக்கு நவோஷி வத்தனபே என்பார் 'நேக்கோ' என்ற சிறு நிரலை எழுதினார். நேக்கோ என்பது யப்பானிய மொழியிற் பூனையைக் குறிக்கும் பொதுச்சொல்லே; தனிப்பெயர்கூட அதற்கு இடப்படவில்லை. 1989இல் கென்ஜி கோத்தோ அதனை மக்கின்ரொஷ் கணினிக்கு ஏற்ப அமைத்தார். கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாலான அப்பூனை செய்வன மிகச் சிலவே. திரையிலுள்ள சுட்டிக்குறி நகர்ந்தால் அதனைத் துரத்தும். குறி நின்றுவிட்டால் தானும் நின்று உடலை நக்கிக்கொள்ளும், சொறியும், கொட்டாவி விடும், ஈற்றில் உறங்கிப்போகும். குறி மீண்டும் அசைந்ததும் திடுக்குற்று எழும். சுட்டும் கருவிக்கு எலி என்னும் பெயர் வழங்குதலின், பூனை அதனைத் துரத்துவது ஒரு சிலேடையுமாகும்.

இதிற் கலை எங்குளது எனின், தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியல் இங்கு உதவும். நகை முதலாக உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளை அவர் வகுத்தார். உள்ளத்து உணர்வு உடம்பின் வழியாகப் புறத்தார்க்குப் புலனாதலே மெய்ப்பாடு. கூத்தன் உண்மையிலே அழுகின்றானா என்று அரங்கில் எவரும் வினவுவதில்லை. அழுகை புலனாகின்றதா என்பதே அங்கு வினா. முப்பத்திரண்டு புள்ளி அகலமும் அத்துணை உயரமுமே கொண்ட ஒரு சிறு சதுரத்துள், ஒரு சொல்லுமின்றி, நேக்கோ மருட்கையையும் சோம்பலையும் புலப்படுத்துகின்றது. அன்றியும், அப்பூனை கணினியை ஆள்வோன் முகத்தை நோக்குவதில்லை. அவன் கையின் அசைவு ஒன்றையே அறியும். அவன் வேலையை நிறுத்திச் சிந்தனையில் ஆழுமிடத்து அது உறங்கத் தொடங்குகின்றது. ஆதலின் அவ்வுறக்கம் பார்ப்போனது ஓய்வின் நிழலாகவே அமைந்துவிடுகின்றது. இதனை எழுதியவர் இவ்வளவையும் எண்ணியிருத்தல் வேண்டும் என்பதில்லை. சிறிய கருவிக்குள் சிறிய நிரல் எழுத நேர்ந்த வறுமையே சொற்சுருக்கத்தைத் தந்தது.

நேக்கோ எந்தப் படத்துக்கும் உரியதன்று. சித்திரப்படப் பாத்திரமொன்று கணினித் திரைக்கு இறங்கி வந்தமைக்குச் சிறந்த சான்று 'ஸ்ரே ஷீப்' என்னும் படவரிசையின் செம்மறியாடாகும். தத்சுதொஷி நொமுரா ஆக்கிய அக்குறும்படங்கள் 1994இல் யப்பானின் பூஜி தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. அவற்றில் வரும் போ என்னும் ஆடு 1995இல் விண்டோஸ் கணினிகளுக்கான நிரலாகவும் வெளிவந்து, பின்பு மின்னஞ்சல்களின் இணைப்பாகக் கைமாறி உலகெங்கும் பரவியது. பெற்றவர்களுட் பலர் அதன் இயற்பெயரையோ ஆக்கியோனையோ அறிந்திலர். 'ஈ-ஷீப்' என்ற வழக்குப் பெயரே நிலைத்தது.

அவ்வாடு செய்வனவற்றைச் சற்று நின்று நோக்குதல் தகும். திறந்து கிடக்கும் சாளரமொன்றின் மேல்விளிம்பை மலைமுகடாகக் கொண்டு அது நடக்கும். விளிம்பு முடியுமிடத்து வீழும். சுட்டியாற் பற்றி உயரத்தூக்கி விட்டாலும் வீழும். சில வேளைகளில் வானத்திலிருந்து தீப்பற்றி எரிந்தவாறு இறங்கி, நீர்த்தொட்டியுள் வீழ்ந்து தணியும். சில வேளைகளிற் பறக்கும் தட்டொன்றும் வந்து சேரும். பிறகு எதுவுமே நிகழாததுபோல நடக்கத் தொடங்கும். சாளரங்களுள் அலுவலகக் கடிதம் இருக்கலாம். கணக்குப் பட்டியல் இருக்கலாம். மாணவனொருவனின் முடிவுறாக் கட்டுரை இருக்கலாம். ஆட்டுக்கு அவையெல்லாம் பாறைகள். உள்ளே எழுதியிருப்பது யாதென்று அது ஒருபோதும் பார்ப்பதில்லை. மனிதர் மிக்க அக்கறையோடு செய்யும் தொழிலைப் பகையுமின்றிப் பணிவுமின்றி வெறும் நிலப்பரப்பாக்கிவிடும் இப்பார்வையே அதன் நகைச்சுவைக்கு ஊற்று. பெரியோர் மேசையின் மேலுள்ள கோப்புகளை அடுக்கி வீடு கட்டும் குழந்தையின் பார்வையும் இத்தகையதே. பாத்திரம் சிறுவர்க்குரியது என்பதற்காக அன்று, நோக்கு சிறுவர்க்குரியது என்பதற்காகவே இந்நிரல் வளர்ந்தோர்க்குக் குழந்தைப் பருவத்தை நினைவூட்டுகின்றது.

எல்லாப் பாத்திரங்களும் இவ்வாறு பொருந்தி வந்தன என்று கூறுதல் இயலாது. யுனிக்ஸ் கணினிகளில் நேக்கோவின் வழித்தோன்றலாக 'ஒநேக்கோ' என்னும் நிரல் வழங்கியது. அதிற் பூனைக்குப் பதிலாக நாயையோ வரிப்பூனையையோ தெரிந்துகொள்ளலாம். 'கார்ட்கப்ரர் சகுரா' என்ற சித்திரக்கதையின் நாயகி சகுராவையும் அவள் தோழி தொமோயோவையும் தெரிந்துகொள்ளலாம். கிளாம்ப் குழுவினர் 1996 முதல் 2000 வரை எழுதிய அக்கதை, 1998இல் யப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சியிற் படமாகவும் வந்து சிறுமியர் உள்ளத்தைக் கவர்ந்தது. சிதறிப்போன மந்திரச் சீட்டுகளை அச்சமும் துணிவும் கலந்த மனத்தோடு தேடி மீட்பவள் சகுரா. திரையிலோ அவள் சுட்டிக்குறியின் பின்னால் ஓடுகின்றாள். அது நின்றால் தானும் நின்று உறங்கிப்போகின்றாள். பூனையின் நிரலே சகுராவின் உடையை அணிந்து வந்தது. அவளை முன்பே அறிந்தவர்க்கு அவ்வுருவம் ஒரு நினைவுக்குறி. அறியாதவர்க்கு ஓடும் பொம்மை. பாத்திரம் என்பது உருவமன்று, செயலாலும் தேர்வாலும் அமைவது என்னும் பழைய உண்மை இங்குத் தெளிவாகின்றது.

யப்பானின் குரூப் பினிற்றி என்ற பெயரின் கீழ் யூக்கி யமடா வெளியிட்ட 'ஷிமேஜி' இவ்விடர்ப்பாட்டை உலகப் பொதுவாக்கியது எனலாம். இந்நிரலுக்கு நாற்பத்தாறு சிறு படங்கள் போதும். நடப்பது, இருப்பது, சுவரேறுவது, மேல்விளிம்பைப் பற்றித் தொங்குவது, வீழ்வது என்று நிலை நிலையாக வரைந்து கொடுத்தால் எந்தப் பாத்திரமும் திரையில் உலாவும். வரையத் தெரிந்த இளையோர் தாம் கண்டு களித்த சித்திரப்படங்களின் மாந்தரையெல்லாம் இந்நாற்பத்தாறு நிலைகளுள் அடைத்தனர். அசைவுகளையும் மாற்றியமைக்க நிரலில் இடமுண்டு. எனினும் பெரும்பாலானோர் படங்களை மாற்றுவதோடு நின்றனர். ஆகவே வீரனும் கோழையும், அரக்கனும் குழந்தையும் ஒரே நடை நடந்து ஒரே வகையாய் விழுகின்றனர். வேடம் ஆயிரம், ஆட்டம் ஒன்று.

அவ்வாறாயினும் ஷிமேஜியிடம் ஓர் அழகு உண்டு. அதன் உருவங்கள் சில வேளைகளில் திறந்திருக்கும் சாளரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்து, திரைக்கு அப்பால் எறிந்துவிடுகின்றன. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் ஈற்றுப் பருவங்களுள் ஒன்றாகிய சிற்றிற் பருவத்தைக் கற்றவர்க்கு இது புதிதன்று. சிறுமியர் மணலிற் கட்டிய சிறு வீட்டைப் பாட்டுடைத் தலைவனாகிய குழந்தை காலால் அழிக்க வருகின்றான். சிதையாதே என்று அவர்கள் வேண்டுகின்றனர். வேண்டுதலின் உள்ளே அவன் வருதலில் உள்ள மகிழ்ச்சியும் ஒளிந்திருக்கின்றது. வேலையைக் குலைக்கும் குறும்பு, அவ்வேலை சிறிது நேரம் குலையலாம் என்று விரும்புவார்க்கே இனிக்கும். ஷிமேஜியின் உருவங்கள் தம்மைத் தாமே பெருக்கிக்கொண்டு திரையெங்கும் நிறைந்து, பொறுமை இழந்தவரை நிரலையே நிறுத்தச் செய்வதும் இக்குறும்பின் எல்லை மீறிய வடிவம்.

பாத்திர வேறுபாட்டைக் காப்பதில் 'டெஸ்க்ரொப் போனிஸ்' ஏனையவற்றினும் மேம்பட்டது. அதன் மூலம் ஒரு தொலைக்காட்சித் தொடர். ஹாஸ்புரோ நிறுவனம் 1980களில் விற்ற 'மை லிற்றில் போனி' என்னும் குதிரைக்குட்டிப் பொம்மைகளைத் தம் சிறு பராயத்தில் வைத்து விளையாடிய லோரன் பௌஸ்ற், அவற்றை மீண்டும் உயிர்ப்பித்து 'மை லிற்றில் போனி: பிரண்ட்ஷிப் இஸ் மஜிக்' என்ற தொடரை உருவாக்கினார். 2010 ஒக்ரோபரிலே தொடங்கிய அது 2019இல் நிறைவுற்றது. அதன் சுவைஞர்கள், வளர்ந்த ஆடவரும் அவருட் பலர், கூடிச் செய்ததே இந்நிரல். எனவே இங்கு நனவிடை தோய்தல் இரு அடுக்காயுள்ளது: ஒருவர் தம் குழந்தைமையை நினைந்து படம் ஆக்கினார், அப்படத்தை நினைந்து பிறர் திரைத்துணை ஆக்கினர்.

இந்நிரலில் ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனி வேகமும் அசைவும் உரையும் அமைந்துள. பிங்கி பை துள்ளித் துள்ளிச் செல்லும். ரெயின்போ டாஷ் பறந்து விரையும். இரு குட்டிகள் எதிர்ப்பட்டால் சில வேளை ஒன்றையொன்று நோக்கி ஏதேனும் செய்யும். தொடரின் கருப்பொருள் நட்பு ஆதலின், தனித்த குட்டியினும் எதிர்ப்பட்ட இருவரே அதனைச் சிறிதளவேனும் காக்கின்றனர். ஆயினும் குறையொன்று உண்டு. தொடரில் ஒருத்தி தவறு செய்கின்றாள், தோழியை நோகச் செய்கின்றாள், அதன் பயனை அனுபவித்துத் திருந்துகின்றாள். அக்கதையிலிருந்து பிடுங்கப்பட்ட ஒரு வாசகம் திரையிற் குமிழியாகத் தோன்றும்போது, வாசகம் மட்டுமே எஞ்சுகின்றது. நூறாம் முறை அதனைக் காண்பவர்க்கு அது வாழ்த்தட்டையின் எழுத்தாகிவிடும். இவ்வாறு நோக்குமிடத்து, பேசாத ஆடு பேசுகின்ற குட்டிகளைவிட நீண்ட காலம் சலியாதிருப்பதன் காரணம் புலனாகும். மெய்ப்பாடு மீள மீள வந்தாலும் புதியதாய்த் தோன்றலாம். ஒரே சொல் அவ்வாறு தோன்றுவது அரிது.

சுவைஞர் செய்த இத்தகைய ஆக்கங்கள் உரிமையாளரின் உடைமையைக் கவர்வன என்ற வாதமும் உண்டு. அதனைச் சட்ட அறிஞர்க்கு விட்டுவிடலாம். திறனாய்வுக்கு வேண்டியது வேறு: இவற்றைச் செய்தோர் பார்ப்போரிடம் யாதொன்றும் கேட்கவில்லை. இவ்வேறுபாடு சிறிதன்று என்பதை மறுகரையின் வரலாறு காட்டும்.

1995இல் மைக்ரோசொப்ற் நிறுவனம் 'பொப்' என்ற நிரலை வெளியிட்டது. கணினியை ஒரு வீடாகவும், ரோவர் என்னும் நாயை வழிகாட்டியாகவும் காட்டிய அது நெடுநாள் நிலைக்கவில்லை. அதன் வழிவந்தனவே ஒபிஸ் 97இல் தோன்றிய உதவியாளர்கள். அவற்றுட் புகழும் பழியும் ஒருங்கே பெற்றது கண்ணும் புருவமும் வைத்த கடதாசிக் கவ்வி, கிளிப்பி. அதனை வரைந்த கெவன் அற்றபெரி சிறுவர் நூல்களுக்கும் சித்திரம் வரைபவர். ஆதலின் அதன் முகத்திற் குறை காண்பது கடினம். உதவியாளர் வரிசையில் சேக்ஸ்பியரின் கேலியுருவும் இருந்தது. நாடகப் பேராசான் கடிதத்தின் ஓரத்தை ஒழுங்கு செய்ய அழைக்கப்பட்டதைக் கண்டு இலக்கிய மாணவர் நகுதல் இயல்பே. கணினியையும் மக்கள் மனிதரைப் போலவே பாவித்து ஒழுகுவர் என்பதை ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பைரன் றீவ்ஸ், கிளிபேட் நாஸ் இருவரும் ஆய்ந்து 1996இல் நூலாக வெளியிட்டிருந்தனர். அவ்வுண்மை கிளிப்பிக்கு எதிராகவே திரும்பியது. மனிதனாகப் பாவித்தால், அழையாமல் வந்து, முன்பு மறுத்ததை மறந்து, அதே உதவியை நாள்தோறும் நீட்டும் ஒருவனை எவர் பொறுப்பர்? 2001இல் வந்த பதிப்பில் அது இயல்பாகவே மறைத்துவைக்கப்பட்டது. ஒபிஸ் 2007இல் முற்றாக நீங்கியது.

கிளிப்பியின் குற்றம் அறியாமை. 'பொன்சிபடி'யின் குற்றம் அவ்வகையினதன்று. 1999இல் வெளிவந்து, பின்னர் ஊதா நிறக் கொரில்லா உருவத்தாற் பெயர்பெற்ற இந்நிரல், பாடும்; வேடிக்கை சொல்லும்; பெயர் சொல்லி அழைக்கும். மென்மையான வளைவுகளும் அகன்ற சிரிப்புமுடைய அவ்வுருவம் சிறுவர் சித்திரப்படத்தின் இலக்கணத்தை முற்றாகக் கைக்கொண்டது. விலையின்றிக் கிடைத்ததால் குழந்தைகள் உள்ள வீடுகளிற் பெரிதும் புகுந்தது. அதன் மறுபக்கத்தில் விளம்பரமும் விபரச் சேகரிப்பும் இருந்தன. பதின்மூன்று வயதுக்குட்பட்ட சிறுவரின் விபரங்களைப் பெற்றோர் இசைவின்றித் திரட்டலாகாது என்னும் சட்டம் ஐக்கிய அமெரிக்காவில் 1998இல் இயற்றப்பட்டது. அதனை மீறியதாகக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு சாட்டிய குற்றத்துக்காக, 2004 பெப்ரவரியில் அந்நிறுவனம் 75,000 டொலர் தண்டம் செலுத்த உடன்பட்டது. கொரில்லாவின் காலமும் அவ்வாண்டோடு முடிந்தது.

இவ்வழக்கைச் சட்டச் செய்தியாக மட்டும் படிப்போர் அதன் உட்பொருளை இழப்பர். குழந்தை ஒரு சித்திர உருவத்தை நம்புவது அதன் வாக்குறுதியை ஆராய்ந்து அன்று. வரைவின் வட்டத்தையும் கண்ணின் அளவையும் கண்டு நம்புகின்றது. அந்நம்பிக்கையைத் தலைமுறை தலைமுறையாக ஈட்டிக் கொடுத்தவர்கள் ஓவியர்கள். பொன்சிபடி பிறருடைய உழைப்பால் விளைந்த அந்நம்பிக்கையை எடுத்துத் தன் கணக்கிற் செலவிட்டது. இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் சிறுவராயிருந்தோருட் சிலர் இன்று ஊதா நிறக் கொரில்லாவையும் ஏக்கத்தோடு நினைவுகூர்வதைக் காண்கையில் வியப்பு மிகுகின்றது. ஏமாற்றியவனிடமும் பாசம் எஞ்சுமெனின், அப்பாசத்தின் ஆற்றலை விற்பனையாளர் மறந்துவிடுவர் என எதிர்பார்த்தல் இயலாது.

ஏக்கம் என்பதன் வரலாறே இங்கு நினைக்கத்தக்கது. யொஹன்னஸ் ஹோபர் என்னும் மருத்துவ மாணவர் 1688இல் பாசல் நகரில் எழுதிய ஆய்வேட்டில், தாய்நாட்டை விட்டுப் பிரிந்தோரைப் பற்றும் நோய்க்கு 'நொஸ்ரல்ஜியா' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் மீளுதல், துயர் எனும் இரு சொற்களின் புணர்ச்சி அது. அன்று அந்நோய்க்கு மருந்து வீடு திரும்புதல். கணினியிலோ திரும்புதற்கு வீடு இல்லை. பழைய ஆட்டு நிரல் பதினாறு பிற் வகையினது. அறுபத்துநான்கு பிற் விண்டோஸ் அத்தகைய நிரல்களை ஏற்பதில்லை. கருவி மாறியபோது ஆடு ஓசையின்றி மறைந்தது. மறைந்த பின்னரே அதனைத் தேடியவர் பலர்.

இவ்வேக்கம் மறுபடியும் வணிகத்தின் கண்ணிற் பட்டுள்ளது. கிளிப்பியை நீக்கிய அதே நிறுவனம், 2021இல் தன் சித்திர எழுத்துகளிற் கடதாசிக் கவ்விக்குப் பழைய கண்களை மீண்டும் வைத்தது. 2025 ஒக்ரோபரில் 'கோபைலட்' என்னும் செயற்கை நுண்ணறிவுத் துணைக்கு 'மிக்கோ' என்ற நெகிழ்ந்த வண்ண உருவை முகமாக அளித்தது. அதனை மீள மீளத் தட்டினால் கிளிப்பியாக மாறும். முன்னைய கிளிப்பியிடம் குறையாக இருந்தது நினைவின்மை. அதே வெளியீட்டில் ஆள்வோரின் உரையாடல்களை நினைவிற் கொள்ளும் வசதியும் விரிவாக்கப்பட்டது. மறதியுள்ள கவ்வி எரிச்சலூட்டியது. ஆனால் அதனிடம் இரகசியம் எதுவும் தங்கவில்லை. நினைவுள்ள துணைக்குப் பழைய மறதிக்காரனின் முகத்தைச் சூட்டும்போது, பார்ப்போரின் நகை எழும் இடத்தில் எச்சரிக்கை எழாது போகின்றது. அம்முகம் அவ்விடத்திற்கு ஏன் தெரிவு செய்யப்பட்டது என்பது திறனாய்வாளர் கேட்க வேண்டிய வினா.

ஆட்டின் நிலை வேறு. அதன்மேல் அன்புடையோர் சிலர் பழைய படங்களையும் பழைய அசைவுகளையும் கொண்டு, புதிய விண்டோஸ் ஏற்கும் வகையில் நிரலை மீள எழுதியுள்ளனர். எழுதிய மூலநிரலையும் எவரும் படிக்குமாறு வெளியிட்டுள்ளனர். ஆக, ஆடு செய்வதனைத்தையும் வேண்டுவோர் வரிவரியாகச் சோதித்தறியலாம். இன்றைய திரைகளின் நுண்மைக்கு அவ்வுருவம் மிகச் சிறிது. அதன் ஓரங்கள் படிப்படியாக வெட்டுண்டு தெரிகின்றன. இப்பொழுதும் அது எழுதிக்கொண்டிருக்கும் கடிதத்தின் மேல்விளிம்பில் ஏறி, கடைக்கோடிவரை நடந்து, கீழே வீழ்கின்றது.